தொண்டு அமைப்பின் இணையத்தளத்தில் இதம் வேண்டுமா? மலையகத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை வகுப்பு நடத்துகிறவர்கள், பிள்ளைக்காம்பரா என்னும் தோட்டக் குழந்தைகள் காப்பகத்துக்குப் பாய் தலையணை வாங்கிக் கொடுக்கிறவர்கள், முதியோரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகிறவர்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அலைகிறவர்களுக்குத் துணையாகக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வரை வருகிறவர்கள் என இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் சிறு சிறு தொண்டு அமைப்புகள் நிறைய இருக்கின்றன. அவற்றின் இணையத்தளங்களுக்கு எழுத்தும் படமும் ஒழுங்கு செய்து கொடுப்பது என் வேலை. "எங்கள் தளத்தைத் திறந்தாலே மனம் கனத்துப் போகிறது, கொஞ்சம் இதமாக மாற்ற முடியுமா?" என்றுதான் பேச்சு தொடங்கும். அதன் பின் வரும் கேள்விகள் ஹட்டனிலும் பதுளையிலும் மாத்தளையிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இதமான தளம் என்று எதைச் சொல்கிறீர்கள்? சிரித்த முகங்களும் வெளிச்சமான நிறங்களும் போதாதா?

போதாது. சிரித்த முகங்களைப் பற்பசை விளம்பரத்திலும் பார்க்கிறோம். தளத்தைப் படிப்பவருக்கு, "இங்கே ஆட்கள் இருக்கிறார்கள், வேலை தெரிந்து செய்கிறார்கள், நான் போய் நின்றால் உட்காரச் சொல்வார்கள்" என்று தோன்ற வேண்டும். அந்த எண்ணத்தை அலங்காரம் கொடுக்காது, விவரம் கொடுக்கும்.

நம் தளங்களில் திரும்பத் திரும்பக் காணும் வாக்கியம் ஒன்று: "வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவிக்கும் மலையகச் சிறார்களின் கண்ணீரைத் துடைக்கக் கரம் கோர்ப்போம்." எந்தத் தோட்டம், என்ன வேலை, யார் செய்கிறார்கள், ஒன்றுமே தெரியவில்லை. ஊர்ப் பெயரை மாற்றினால் உலகின் எந்த மூலைக்கும் பொருந்தும்.

அதே அமைப்பின் வேலையை இப்படியும் சொல்லலாம்: "காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் அம்மா கடைசி நிறுவை முடித்து வீடு திரும்பப் பின்னேரமாகிவிடும். பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளுக்கு அதுவரை எங்கள் மண்டபம் திறந்திருக்கும். பிளேன்டீயும் ரொட்டியும் உண்டு. கணக்கில் சந்தேகம் வந்தால் உயர்தரம் படிக்கும் அக்கா ஒருவர் கரும்பலகைக்குப் பக்கத்திலேயே இருப்பார்." இதில் கண்ணீர் என்ற சொல்லும் இல்லை, நம்பிக்கை என்ற சொல்லும் இல்லை. படிப்பவர் மட்டும் அந்த மண்டபத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போவார்.

துயரத்தைக் காட்டினால்தான் பணம் வரும் என்கிறார்கள். நல்லதையே எழுதிக்கொண்டிருந்தால் யார் தருவார்கள்?

துயரப் படம் பணம் கொண்டு வராது என்று நான் சொல்லவில்லை. கொண்டு வருகிறது, அதனால்தான் உலகம் முழுவதும் அதை விடாமல் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதற்கு எதிரான குரலும் பழையதுதான். டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கன் லிஸ்னர் 1981-இல் எழுதிய கட்டுரையில், பட்டினியால் வாடும் பிள்ளையின் உடலைக் காட்டிப் பணம் திரட்டுவது ஆபாசப் படத்துக்கு மிக நெருங்கிய காரியம் என்றார். துன்பமும் மனிதரின் அந்தரங்கம், அதைக் கடைவிரிப்பது தவறு என்பது அவர் வாதம். 2012-இல் நோர்வே மாணவர் அமைப்பு ஒன்று இதையே கேலியாகச் சொன்னது. குளிரில் நடுங்கும் பாவப்பட்ட நோர்வேக்காரர்களுக்கு ஆபிரிக்க மக்கள் ஹீட்டர் சேகரித்து அனுப்புவதாக ஒரு வீடியோ எடுத்து வெளியிட்டார்கள். பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு நெளிந்தார்கள். ஒரு நாட்டைப் பற்றி அதன் மிக மோசமான படத்தை மட்டும் காட்டிக்கொண்டே இருந்தால் அந்த நாட்டுக்காரருக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு ஆய்வும் கவனிக்கத்தக்கது. டெபோரா ஸ்மோல், ஜோர்ஜ் லோவன்ஸ்டைன், போல் ஸ்லோவிக் மூவரும் 2007-இல் வெளியிட்டார்கள். ஆய்வில் பங்கேற்றவர்களின் கையில் 5 டொலர் கொடுத்து, விரும்பியதை நன்கொடையாகத் தரலாம் என்றார்கள். ஆபிரிக்கப் பஞ்சத்தின் புள்ளிவிவரங்களைப் படித்தவர்கள் சராசரியாக 1.14 டொலர் கொடுத்தார்கள். மாலி நாட்டின் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றிப் படித்தவர்கள் 2.38 டொலர். சிறுமியின் கதையையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் படித்தவர்களோ 1.43 டொலருக்கு இறங்கிவிட்டார்கள்.

இதைக் கேட்டவுடன் "அப்படியானால் ஒரு பிள்ளையின் படத்தைப் பெரிதாகப் போடுவோம்" என்று கிளம்பிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். மனிதர் மனிதரோடுதான் பேசுகிறார், சதவீதத்தோடு பேசுவதில்லை என்பதுவரை சரி. அந்த ஒரு மனிதர் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கே இருக்கிறது? மாலை வகுப்பை நடத்தும் ஆசிரியையாக இருக்கட்டும். பிள்ளைக்காம்பராவில் இருபது குழந்தைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அக்காவாக இருக்கட்டும். அவர்கள் வயது வந்தவர்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தாங்களே முடிவு செய்யக்கூடியவர்கள். கஷ்டத்தையும் அவர்கள் வாயால் கேட்டால் முறையீடாக ஒலிக்காது, வேலை செய்கிறவரின் பேச்சாக ஒலிக்கும்.

கஷ்டங்களை எழுதாமல் விட்டால் அது பொய்யாகாதா?

ஆகும். தொழிலாளர் வாழும் வரிசை வீடான லயத்துக் கூரை ஒழுகினால் ஒழுகுகிறது என்று எழுதுங்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயை எட்டியதே 2021-இல்தான் என்பதையும் எழுதுங்கள். எப்படி எழுதுவது என்பதில்தான் வித்தியாசம். "கூரை ஒழுகுகிறது" என்பது கூரையைப் பற்றிய செய்தி. "பரிதாபத்துக்குரிய குடும்பம்" என்பது குடும்பத்தின் மீது நாம் எழுதும் தீர்ப்பு. முதலாவதைத் தகரம் வாங்கிப் போட்டு மாற்றிவிடலாம். இரண்டாவது அந்த வீட்டுப் பிள்ளையின் முதுகில் ஒட்டிக்கொண்டே பாடசாலை வரை போகும்.

கஷ்டத்தை ஒரு முறை, தெளிவாக, காரணத்தோடு சொல்லுங்கள். அடுத்த வரியிலேயே என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். மூன்று பத்திகளுக்கு இழுத்து, பெருமூச்சு விட்டு, கடைசியில் வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கொண்டுவந்து வைக்காதீர்கள்.

பேரிடர் நாட்கள் வேறு கணக்கு. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. அப்படியொரு காலையில் முகப்பில் விளையாட்டுப் போட்டிப் படம் சிரித்துக்கொண்டிருக்கக் கூடாது. அதை எடுத்துவிட்டுத் திகதியும் நேரமும் போட்டு நாலு வரி எழுதுங்கள்: எங்கே இருக்கிறோம், இப்போது என்ன தேவை, எது தேவையில்லை, யாரைத் தொடர்பு கொள்வது. "எது தேவையில்லை" என்பதை மறந்துவிடாதீர்கள். மூட்டை மூட்டையாக வந்து குவியும் பழைய துணியைத் தரம் பிரிக்கவே தொண்டர்களின் நேரமெல்லாம் போய்விடும். உறவினரைத் தேடி அழுகிறவரின் முகத்தை நெருக்கத்தில் எடுத்துப் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

முகப்புக்கு என்ன படம் போடலாம்? பனி மூடிய தேயிலை மலை நன்றாக இருக்குமே?

நன்றாகத்தான் இருக்கும். பக்கத்து ஹோட்டலின் தளத்திலும் அதே படம்தான் இருக்கிறது என்பதுதான் சங்கடம். மலையக அமைப்புகளின் தளங்களை வரிசையாகத் திறந்து பார்த்தால் பனிமூட்டம், பச்சைச் சரிவு, தூரத்தில் சிவப்புச் சேலையோடு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்களோ அந்த ஆள்.

கிட்டப் போங்கள். வேலை நடக்கும் இடத்தை எடுங்கள்: கரும்பலகையில் பாதி அழிந்த பெருக்கல் கணக்கு, வாசலில் கழற்றிப் போட்ட செருப்புக் குவியல், வாளியில் ஊறப் போட்ட கடலை, காமன் கூத்துக்கு ஒத்திகை பார்க்கும் இளைஞர்கள், தப்புத் தோலைத் தீயில் காய்ச்சும் ஒரு கை. முகம் இல்லாத படங்களுக்கு அனுமதிச் சிக்கலும் குறைவு, சொல்லும் செய்தியும் கூடுதல்.

லயத்து அறைக்குள் வெளிச்சம் போதாது. பிளாஷ் போட்டால் எல்லோரும் பொலிஸ் நிலையத்தில் நிற்பது போல் ஆகிவிடுவார்கள். இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்காரச் சொல்லுங்கள், முகம் வெளியே பார்த்திருக்கட்டும். மூட்டமான காலை நேரம் இதற்கு அருமையானது, நிழல் கடுமையாக விழாது. பிள்ளைகளை எடுக்கும்போது நீங்கள் குந்தி உட்காருங்கள். மேலிருந்து எடுத்தால் எந்தப் பிள்ளையும் கையேந்தி அண்ணாந்து பார்ப்பது போலத்தான் தெரியும்.

பொருட்கள் வழங்கும் விழாப் படங்களைப் போடலாமா?

அந்தப் படத்தை எல்லோருக்கும் தெரியும். பின்னால் பதாகை, அதில் நன்கொடையாளரின் பெயர் பாடசாலையின் பெயரைவிடப் பெரிதாக. முன்னால் மாலை போட்ட ஐந்து பிரமுகர்கள். நடுவில் ஒரு சிறுவன். ஒரு கொப்பிக் கட்டை ஐந்து பேரும் சேர்ந்து பிடித்திருப்பார்கள். கெமராவைப் பார் என்று யாரோ சொன்னதால் பையனின் கழுத்து மட்டும் திரும்பியிருக்கும், கை கொப்பியை விட்டுவிடவும் முடியாமல் வாங்கிக்கொள்ளவும் முடியாமல் அந்தரத்தில் நிற்கும்.

தளத்தில் இதைப் போடாதீர்கள். பிரமுகர் மனம் நோகும் என்றால் அவருக்கு அந்தப் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், அவரே தன் பேஸ்புக்கில் போட்டுக்கொள்வார். தளத்துக்கு இரண்டு வாரம் கழித்து வகுப்பறைக்குப் போய், அட்டை போட்டு, லேபல் ஒட்டி, மூலை மடங்கிப் போன கொப்பியைப் படம் எடுங்கள். கொடுத்தது பயன்படுகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

படம் எடுக்க அனுமதி கேட்கிறோம், எல்லோரும் "சரி" என்றுதான் சொல்கிறார்கள். அது போதுமா?

தோட்டத்தில் "சரி" என்று ஒருவர் சொல்லும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். துரை (தோட்ட முகாமையாளர்), கங்காணி (வேலை மேற்பார்வையாளர்), சங்கத் தலைவர், பாடசாலை அதிபர் யாராவது நின்றால் அந்தச் "சரி" அவர்களுக்காகச் சொல்லப்பட்டது. கையில் அரிசிப் பையைக் கொடுத்துவிட்டு அடுத்த நொடி "ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்டாலும் அப்படித்தான். வாங்கின கையோடு முடியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

பொருள் கொடுக்கும் நாளில் கேட்காதீர்கள். வேறொரு நாளில், வீட்டு ஆட்கள் மட்டும் இருக்கும்போது, அவர்களுக்குத் தெரிந்த உங்கள் தொண்டர் போய்க் கேட்கட்டும். கைத்தொலைபேசியில் உங்கள் தளத்தையே திறந்து காட்டி, "இந்த இடத்தில் வரும், கனடாவில் இருக்கிறவரும் பார்ப்பார், பக்கத்து டிவிஷன் ஆட்களும் பார்ப்பார்கள்" என்று சொல்லட்டும். பெரும்பாலானோருக்குக் கனடாக்காரர் பார்ப்பதில் கவலை இல்லை, பக்கத்து டிவிஷன்தான் யோசிக்க வைக்கும். வேண்டாம் என்றால் உதவி நின்றுவிடாது என்பதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.

எடுத்த படத்தை அங்கேயே காட்டுங்கள். பிடிக்காததை அவர்கள் கண்ணெதிரே அழித்துவிடுங்கள். மலையிலிருந்து இறங்கி வரும் பெண்ணிடம் கேட்டால், "கொஞ்சம் இருங்கள், வேலைக்கு இடுப்பில் கட்டிய படங்கைக் கழற்றி, முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வருகிறேன்" என்பார். சில தொண்டர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், "இயல்பாக" எடுக்க வேண்டுமாம். தன் கல்யாணப் படத்தை இயல்பாக எடுக்க விட்டவர் யார்? காத்திருந்து எடுங்கள். அவர் எப்படித் தெரிய விரும்புகிறாரோ அதுவே அவருடைய படம். படங்கும் கூடையுமாகவே நிற்கிறேன், இது என் வேலை என்று சொல்கிறவர்களும் உண்டு. அதுவும் அவர்கள் முடிவு.

பிறகு மனம் மாறினால் யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள், சொன்ன அன்றே படத்தை எடுத்துவிடுங்கள். இலங்கையின் 2022-ஆம் ஆண்டு 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் பற்றிய தரவைத் தனிக் கவனத்துக்குரிய வகையில் வைத்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நாளை முகம் கொடுத்துப் பேச வேண்டுமே.

பிள்ளைகளின் கதைகளைப் பெயரோடு எழுதலாமா?

பெயர், பாடசாலை, தோட்டம் இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தாலே பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாம். சீருடையில் உள்ள சின்னமே பாடசாலையைச் சொல்லிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். கைத்தொலைபேசி படத்தோடு இடத்தையும் பதிந்து வைக்கும், எடுப்பதற்கு முன் அதை அணைத்துவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது காலம். அப்பா குடிக்கிறார், அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை, பாட்டிதான் வளர்க்கிறார் என்று எட்டு வயதுப் பிள்ளையைப் பற்றி இன்று எழுதுகிறீர்கள். பிள்ளை இருபது வயதில் கொழும்பில் வேலைக்கு விண்ணப்பிப்பார். இணையம் மறக்காது, பெயரைப் போட்டுத் தேடுகிற முதலாளிக்கு உங்கள் கட்டுரைதான் முதலில் வரும். வீட்டுக் கதையை விடுங்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும், எதில் கெட்டி, வகுப்பில் என்ன குறும்பு செய்தார் என்று எழுதுங்கள், பெயரை மாற்றி. பன்னிரண்டு வருடம் கழித்து அவரே படித்தாலும் சிரித்துக்கொள்வார்.

எழுதப் போன இடத்தில் பிள்ளைக்கு ஆபத்து இருப்பது தெரிந்தால் அது தளத்துக்கான செய்தி அல்ல. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

அனுமதிச் சிக்கலே வேண்டாம் என்று செயற்கை நுண்ணறிவில் படங்களை உருவாக்கலாமா?

வேண்டாம். இல்லாத பிள்ளையின் சிரிப்பைக் காட்டி உள்ள பிள்ளைக்குப் பணம் கேட்பது எந்த விதத்திலும் ஒட்டவில்லை. தவிர, கொழுந்துக் கூடையை இடுப்பில் வைத்துத் தலையில் வாழைப்பூ சூடிய பெண்ணைத்தான் அது வரைந்து கொடுக்கும். தோட்டத்தில் பிறந்த எவரும் ஒரே பார்வையில் சிரித்துவிடுவார்கள்.

"எங்களைப் பற்றி" பக்கத்தை மலையக வரலாற்றிலிருந்து தொடங்கலாமா?

எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். 1820-களில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்தது, 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது, 1948-இன் குடியுரிமைச் சட்டம், 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்று வரிசையாக வந்து, எட்டாவது பத்தியில்தான் "எமது அமைப்பு" தலை காட்டும். அதற்குள் படிக்கிறவர் போய்விடுவார்.

வரலாறு வேண்டாம் என்று சொல்லவில்லை. இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே போனார்கள். முன்னோர் நடந்த வழியைக் கால்களால் அளந்து பார்த்த சமூகத்துக்கு வரலாறு வெறும் அலங்காரம் அல்ல. தேவையான பக்கத்தில் வைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எடுக்க உதவும் அமைப்பு என்றால், 1948-இல் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களில் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003-இன் சட்டம் வரைக்கும் இழுத்தடித்துத்தான் குடியுரிமை கிடைத்தது என்பதைச் சொல்லாமல் அந்த வேலையே விளங்காது. அங்கே விரிவாக எழுதுங்கள். மூக்குக்கண்ணாடி கொடுக்கும் பக்கத்துக்கு அது தேவையில்லை.

"எங்களைப் பற்றி" பக்கத்தில் முதல் வரி நீங்கள் யார், எந்த ஊர், என்ன செய்கிறீர்கள் என்பதுதான். இரண்டாவது வரியில் யார் தொடங்கினார்கள், ஏன் தொடங்கினார்கள். தொண்டு அமைப்புகளைப் பதிவு செய்யும் 1980-ஆம் ஆண்டு 31-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருந்தால் பதிவு இலக்கத்தையும் போடுங்கள். அது குளிர்ந்த விஷயம் என்று நினைக்கிறார்கள், முன்பின் தெரியாதவருக்கு நிம்மதி தருவது அதுதான்.

மக்களை எப்படிக் குறிப்பிடுவது? "பயனாளிகள்" என்று எழுதுகிறோம்.

அறிக்கையில் எழுதுங்கள், தளத்தில் வேண்டாம். மாணவி, தாய்மார், ஓய்வு பெற்ற தொழிலாளர், தையல் வகுப்புக்கு வருகிறவர்கள் என்று சொன்னால் போயிற்று. "எம் குழந்தைகள்" என்று உரிமை கொண்டாடுவதையும் குறைத்துக்கொள்ளலாம், அவர்களுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள்.

நிறமும் எழுத்துருவும்?

இளம் மஞ்சள் பின்னணியில் இளம் ஆரஞ்சு எழுத்து பார்க்க மென்மையாக இருக்கும், படிக்க முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் விதிகளில் உள்ள அளவு. இலவசமாகச் சோதித்துப் பார்க்கும் தளங்கள் இருக்கின்றன. கடும் சாம்பல் அல்லது கறுப்பு எழுத்து, வெள்ளை அல்லது வெளிறிய மண் நிறப் பின்னணி, பொத்தான்களுக்கு மட்டும் ஒரு சூடான நிறம் போதும்.

தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் விலங்கும், கீழே சுழியும் உண்டு. ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியை வைத்தால் வரிகள் ஒன்றோடொன்று முட்டும். எழுத்தின் அளவைப் போல 1.6 மடங்காவது வரி உயரம் கொடுங்கள், எழுத்து 17, 18 பிக்சலுக்குக் குறைய வேண்டாம்.

பழைய கோப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் மற்றவர் திரையில் ஆங்கில எழுத்துச் சிதறலாகத் தெரியும், கூகுளுக்கும் புரியாது, பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்புச் செயலிக்கும் புரியாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். மாற்றியபின் ஒரு தடவை கண்ணால் படியுங்கள், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறியிருக்கும்.

படங்களைச் சுருக்குங்கள். பொகவந்தலாவைப் பள்ளத்தில் ஒரு கோடு சிக்னலோடு திறக்கிறவருக்கு உங்கள் ஐந்து மெகாபைட் புன்னகை பாதி நெற்றியோடு நின்றுவிடும்.

பக்கம் திறந்தவுடன் மெல்லிய புல்லாங்குழல் இசை வருமாறு செய்யலாமா?

பஸ்ஸில் திறக்கிறவரை நினைத்துப் பாருங்கள். கூடாது. ஓடும் சிவப்பு எழுத்தில் "நன்கொடை தாரீர்" என்பதும் கூடாது.

சிங்களத்திலும் எழுத வேண்டுமா?

எழுத வேண்டும். பிரதேச செயலகத்தில் உங்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரி, மருத்துவ முகாமுக்கு வரும் தாதி, பக்கத்துக் கிராமத்துக் கடைக்காரர் பலருக்கும் அதுதான் மொழி. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே போடாதீர்கள். சிங்களம் தாய்மொழியான நண்பர் ஒருவரைப் பிடித்து, இரண்டு பக்கம் போதும், அவர் வீட்டாருக்குச் சொல்வது போல எழுதச் சொல்லுங்கள். கிராமத்தில் உள்ளவர்களுக்கும் அதே ஆஸ்பத்திரி, அதே பஸ், அதே மழை என்பதால் எங்கே தொடங்குவது என்று அவருக்கே தெரியும். ஆங்கிலப் பக்கம் வெளிநாட்டு நன்கொடையாளருக்கானது. பெரட்டு, லயம், பிள்ளைக்காம்பரா எல்லாவற்றையும் அங்கே ஒரு வரியில் விளக்கிவிட்டுப் போங்கள்.

நன்கொடைப் பக்கத்தை எப்படி இதமாக்குவது?

"உங்கள் பரிவர்த்தனை வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது" என்று வங்கி இயந்திரம்தான் சொல்லும். "பணம் வந்து சேர்ந்தது, மிக்க நன்றி. பற்றுச்சீட்டை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறோம். இந்த மாதம் வகுப்புப் பிள்ளைகளுக்கான அப்பியாசப் புத்தகம் வாங்குகிறோம், உங்கள் பணம் அதற்குத்தான் போகிறது" என்று ஒரு ஆள் சொல்லட்டும். குறுஞ்செய்தி அனுப்புவதானால் தமிழில் ஒரு செய்திக்கு 70 குறியீடுகள்தான், ஆங்கிலத்தைப் போல 160 அல்ல. புள்ளியும் கொம்பும் கூடத் தனித்தனிக் குறியீடாகவே கணக்கில் வரும். சுருக்கமாக எழுதிப் பழகுங்கள்.

"வெறும் 5,000 ரூபாயில் ஒரு பிள்ளையின் வாழ்வை மாற்றுங்கள்" என்று எழுதுகிறார்கள். அந்தப் பணத்தில் பாடசாலைப் பையும் சப்பாத்தும் வாங்கலாம், வாழ்வு மாறாது. வாங்கக்கூடியதைச் சொல்லுங்கள்.

தோட்டத்துக்குள்ளிருந்தே கொடுக்கிறவர்களைத் தளங்களில் காண்பதே இல்லை. தேரோட்டத்துக்கும் மரண வீட்டுக்கும் கணக்குப் பார்க்காமல் காசு சேர்க்கும் மக்கள் இவர்கள். மண்டபத்துக்குக் கல் சுமந்தவர், சமையலுக்கு விறகு கொண்டுவந்தவர், சம்பள நாளன்று நூறு ரூபாய் கொடுத்தவர் எல்லாரும் நன்கொடையாளர்தான். அவர்களையும் அதே பட்டியலில், அதே அளவு எழுத்தில், சம்மதித்தால் பெயரோடு போடுங்கள். தளத்தில் எனக்குப் பிடித்த பக்கம் எது என்று கேட்டால் இந்தப் பட்டியலைத்தான் சொல்வேன். கொழும்புக் கம்பனியும் கங்காணி வீட்டம்மாவும் அடுத்தடுத்த வரியில் நிற்பதை வேறு எங்கே பார்க்க முடியும்?

பிள்ளைகளை உட்கார வைத்து நன்றிக் கடிதம் எழுத வைப்பதை நிறுத்துங்கள். கரும்பலகையில் ஆசிரியர் எழுதியதைப் பார்த்து முப்பது பேரும் எழுதிய ஒரே கடிதத்தை யாரும் நம்புவதில்லை. நன்றி சொல்வது நிறுவனத்தின் வேலை.

ஒரு திட்டம் சரியாக வரவில்லை. எழுதலாமா, மறைக்கலாமா?

எழுதுங்கள். "தையல் வகுப்பை மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டோம். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் பின்னேரம் யாராலும் வர முடியவில்லை. செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் மீண்டும் தொடங்குகிறோம்" என்று ஒரு பத்தி. எல்லாமே வெற்றி என்று எழுதும் தளத்தைவிட இதைப் படிப்பவருக்கு நம்பிக்கை வரும். கணக்காய்வு அறிக்கையையும் இதே பக்கத்தில் தரவிறக்கக் கொடுங்கள்.

தொடர்புப் பக்கத்தில் படிவம் ஒன்று வைத்திருக்கிறோம். வேறு ஏதாவது வேண்டுமா?

படிவத்தை நிரப்பி அனுப்பினால் அது எங்கே போகிறது என்று அனுப்பியவருக்கும் தெரியாது, பல அமைப்புகளில் அமைப்புக்கும் தெரியாது. தொலைபேசியை எடுப்பவர் சம்மதித்தால் அவர் பெயரைப் போடுங்கள். வருவதற்கு வழி சொல்லுங்கள், வரைபடம் மட்டும் போதாது: "பதுளை போகும் ரயிலில் ஹட்டனுக்கு அடுத்து கொட்டகலை. அங்கே இறங்கினால் ஸ்டேஷன் வாசலிலேயே ஓட்டோ இருக்கும். எங்கள் பெயரைச் சொன்னால் தெரியாது, மாரியம்மன் கோவிலடி மண்டபம் என்று சொல்லுங்கள். மழைக்காலத்தில் குடையும், அட்டைப் பூச்சிக்குக் கொஞ்சம் உப்பும் கொண்டு வாருங்கள்." எத்தனை மணிக்குத் திறந்திருப்பீர்கள், எந்த நாட்களில் பிள்ளைகள் இருப்பார்கள், முன்கூட்டிச் சொல்லாமல் வந்தால் பரவாயில்லையா என்பதையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை எடுப்பதில்லை என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.